பட்டி கிடைக்காத பிள்ளைகளின் பெற்றோருக்கு

 

கொஞ்சம் நீளமான பதிவு. இரண்டு கிழமையாக எழுத நினைத்து ஒத்திப்போட்டது. வெள்ளாங்குளம், தேவன்பிட்டி, இலுப்பைக்கடவை, முழங்காவில் பக்கம் பிள்ளைகளைக் கராத்தே வகுப்புக்கு அனுப்புகிற பெற்றோர் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். அனுப்பாதவர்களும் வாசிக்கலாம். இதில் கராத்தே பாதி, நம் பிள்ளைகளின் படிப்பு பாதி.

விசயம் இதுதான். போன தரப்படுத்தல் பரீட்சையில் எங்கள் வகுப்பில் 7 பிள்ளைகளுக்கு அடுத்த பட்டி கிடைக்கவில்லை. 5 பேர் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்குப் போக வேண்டியவர்கள், 2 பேர் செம்மஞ்சளிலிருந்து பச்சைக்கு. அன்று இரவே வட்ஸ்அப் குழுவில் சண்டை. மாஸ்டர் ஆள் பார்த்துப் பட்டி கொடுக்கிறார் என்றார்கள். காசு கட்டினோம், பட்டி எங்கே என்றார்கள். ஒரு வருசத்தில் கறுப்புப் பட்டி தருகிற மாஸ்டர் வேறிடத்தில் இருக்கிறாராம், அவரைக் கூப்பிடுவோம் என்று ஒரு யோசனையும் வந்தது. அடுத்த சனிக்கிழமை 31 பிள்ளைகளில் 18 பேர்தான் வகுப்புக்கு வந்தார்கள். பட்டி கிடைத்த பிள்ளைகளில் சிலரும் வரவில்லை. கூட்டாளி வராததால் தானும் வரவில்லையாம்.

இதைப் பற்றிக் கதைக்க எனக்கு இரண்டு உரிமை உண்டு. ஒன்று, நான் ஆசிரியன். ஆசிரியர் கலாசாலையில் படித்ததும், அதற்குப் பிறகு வகுப்பறையில் தினமும் பார்ப்பதும் பிள்ளை எப்படிப் பழகுகிறது என்பதைத்தான். மற்றது, நானும் அதே வகுப்பில் ஒரு மாணவன். முப்பது கடந்த பிறகு வெள்ளைப் பட்டி கட்டினேன், இப்போது செம்மஞ்சள். கராத்தே வகுப்பில் வரிசை வயதுப்படி இல்லை, பட்டிப்படி. அதனால் பாடசாலையில் என்னிடம் கணிதம் படிக்கிற தரம் 7 மாணவி எனக்கு முன்வரிசையில் நிற்கிறாள். அவள் பச்சை. திங்கட்கிழமை அவள் என்னிடம் பின்னம் கேட்கிறாள். சனிக்கிழமை பின்னேரம் நான் அவளுடைய காலைப் பார்த்து என்னுடைய காலை வைக்கிறேன்.

என் அபிப்பிராயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்த 7 பிள்ளைகளுக்கும் அநியாயம் நடக்கவில்லை. ‘இன்னும் இல்லை, திரும்ப வா’ என்று ஒரு பெரியவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். நம் பிள்ளைகள் அதிகம் கேட்டிராத வார்த்தை அது. அதைக் கேட்கவிடாமல் நாம் குறுக்கே நிற்கிறோம்.

முதலில், ஏன் கிடைக்கவில்லை என்று பார்ப்போம்.

தரப்படுத்தலில் மூன்று பகுதி. கிஹோன் என்பது அடிப்படை: நிலை, குத்து, தடுப்பு, உதை. காட்டா என்பது அவற்றை ஒரு ஒழுங்கில் கோத்தது, எதிரே ஆள் இருப்பதாக நினைத்துத் தனியாகச் செய்வது. குமித்தே என்பது எதிரே ஆளோடு செய்வது. ஆரம்பப் பட்டிகளில் எந்த அடி எங்கே வரும் என்று முன்னமே சொல்லிவிட்டுத்தான் அடிப்பார்கள். எங்கள் வகுப்பு ஷோட்டோகான் முறை. அதில் ஆரம்பப் பிள்ளைகள் செய்கிற காட்டாவுக்குப் பெயர் ஹெய்யான் ஷோடான். மொத்தம் 21 அசைவு. அந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் 21உம் பாடம். திரும்புகிற பக்கம்கூடத் தவறவில்லை. வெளியில் கதிரை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பெற்றோருக்கு அதனால்தான் கோபம். ஒரு தாய் என்னிடம் கேட்டார்: “என்ன சேர், எல்லாம் சரியாத்தானே செய்தவன்? பிறகென்ன?”

மாஸ்டர் பார்த்தது வேறு. முன்காலை மடக்கி நிற்கும்போது பின்காலின் குதி நிலத்தை விட்டு எழும்புகிறதா என்று பார்த்தார். குதி எழும்பினால் குத்துக்கு நிலத்திலிருந்து பலம் வராது, தோளால் தள்ளுவதுதான் மிஞ்சும். ஒரு கை குத்தும்போது மற்றக் கை அதே வேகத்தில் இடுப்புக்கு வருகிறதா என்று பார்த்தார். உதைத்த காலை மடக்கி எடுத்து வைக்கிறார்களா, நீட்டியபடியே நிலத்தில் விழவிடுகிறார்களா என்று பார்த்தார். நீட்டியபடி விழுகிற காலை எதிரே நிற்பவர் இலேசாகப் பிடித்துவிடலாம். பிடிக்காவிட்டாலும் உடம்பு முன்னால் சாயும்.

பார்க்கிற நமக்கு இவை சின்ன விசயம். ஆனால் மேல் பட்டிகளில் எதிரே உள்ள ஆள் வேகமாக வருவார். எந்தப் பக்கம் அடிப்பார் என்று சொல்லமாட்டார். அப்போது இந்தச் சின்ன விசயத்தால்தான் முழங்கால் பிரளும், மூக்கு உடையும். அத்திவாரம் இறுகுமுன் சுவர் எழுப்ப மாட்டேன் என்கிற மேசனோடு நாம் சண்டை பிடிப்போமா? அவரை நல்ல மேசன் என்றுதானே பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிடுவோம்.

மத்ரஸாவில் ஓதி வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. ‘ழாத்’ எழுத்து நாக்கில் சரியாக வரும்வரை ஹஸரத் அடுத்த பாடம் தரமாட்டார். “நாளைக்கும் இதே பாடம்தான்” என்பார். எந்த வாப்பாவும் அதற்காக அவரோடு சண்டைக்குப் போனதில்லை. சங்கீதம் படித்த பிள்ளைகளைக் கேளுங்கள். சரளி வரிசை நேராகாமல் டீச்சர் கீர்த்தனை தொடங்கமாட்டார். இந்த வழக்கம் நம் எல்லோரிடமும் இருந்தது. நிறம் நிறமாகப் பட்டியும் கையில் சான்றிதழும் வந்தவுடன் மறந்துவிட்டோம்.

இனி ஆசிரியராகச் சொல்கிறேன். நம் பிள்ளை எழுதுகிற பரீட்சைகளை எண்ணிப் பாருங்கள்.

தரம் 5 புலமைப்பரிசில். வாழ்க்கையில் ஒரே தடவை. வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்தாலும் முடிந்தது கதை, அடுத்த வருசம் எழுத வழியில்லை. அதற்காகப் பிள்ளையை மூன்றாம் தரத்திலிருந்தே ரியூசனுக்கு ஓட்டுகிறோம். அதன் பிறகு தரம் 6 முதல் 11 வரை அநேகமாக ஒருவரையும் ஒரே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. பின்னம் விளங்கியவனும் போகிறான், விளங்காதவனும் போகிறான். விளங்காதவனிடம் “இதில் கொஞ்சம் நில், இது சரியானதும் போகலாம்” என்று சொல்ல நேரமும் இல்லை, ஏற்பாடும் இல்லை. அடுத்த வருசம் பின்னத்தின் மேல் அட்சரகணிதம் வந்து உட்காருகிறது. அப்படியே போய் பதினாறு வயதில் க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியில்லை என்று வரும்போதுதான், தனக்குப் பின்னம் விளங்கவில்லை என்பது பிள்ளைக்கு உத்தியோகபூர்வமாகத் தெரிகிறது. அந்த முதல் ‘இல்லை’யைத் தாங்கமுடியாமல் பாடசாலையை விட்டுக் கடலுக்கும் கூலிக்கும் போன பிள்ளைகளை இந்த ஏ32 வீதி நெடுக எனக்குத் தெரியும். அவர்களில் மூளையில்லாதவன் ஒருவனும் இல்லை.

இப்போது கராத்தே தரப்படுத்தலைப் பாருங்கள். வெட்டுப்புள்ளி இல்லை. இத்தனை பேருக்குத்தான் இடம் என்று இல்லை. பக்கத்துப் பிள்ளைக்கு மஞ்சள் கிடைத்ததால் உங்கள் பிள்ளைக்கு இல்லாமல் போகவில்லை. என்ன குறை என்று அந்த இடத்திலேயே சொல்கிறார்கள். மூன்று மாதத்தில் அதே பரீட்சைக்கு, அதே ஆளுக்கு முன்னால், அதே பிள்ளை திரும்ப நிற்கலாம். எத்தனை தடவையும் நிற்கலாம். பட்டி கிடைக்காததால் வகுப்பில் ஒரு பாடமும் தவறுவதில்லை. நம் ஊரில் பிள்ளைகளுக்கு இருக்கிற பரீட்சைகளிலேயே, தோற்றாலும் ஒன்றும் முடிந்துபோகாத பரீட்சை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அதையும் நாம் இன்னொரு புலமைப்பரிசில் பரீட்சையாக்கப் பார்க்கிறோம். பிள்ளை அழுதது கொஞ்ச நேரம். வீட்டில் நாம் கதைத்தது இரண்டு கிழமை.

‘ஒரு வருசத்தில் கறுப்பு’ என்ற கதைக்கு வருவோம். இந்தப் பட்டிகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் அந்தக் கதையை நாமே தள்ளிவிடுவோம்.

கராத்தேயின் தாய்மண் ஒக்கினாவா தீவு, இப்போது ஜப்பானின் தென்கோடி. 1900களின் தொடக்கத்தில் இத்தோசு அன்கோ என்ற ஆசான் அதை அங்குள்ள பாடசாலைகளுக்குள் கொண்டுவந்தார். பெரியவர்களின் கடினமான காட்டாக்களுக்குப் போகுமுன் பிள்ளைகள் ஏறுவதற்குப் படிகளாக ஐந்து காட்டாக்களை அமைத்தார். நம் பிள்ளைகள் செய்கிற ஹெய்யான் காட்டாக்கள் அவைதான். அங்கே ஆசிரியர்களைப் பயிற்றுகிற கல்லூரியிலும் கராத்தே படிப்பிக்கப்பட்டது. நம் கலாசாலையில் அப்படி ஒரு பாடம் இருந்திருந்தால் என்று நான் நினைப்பதுண்டு.

அந்த இத்தோசுவிடமும் அசாத்தோ என்ற இன்னோர் ஆசானிடமும் பழகியவர் ஃபுனாகோஷி கிச்சின். 1868இல் பிறந்தவர். சின்ன வயதில் நோஞ்சான் பிள்ளை. தொழில் பாடசாலை ஆசிரியர். பகலில் படிப்பிப்பு, இரவில் ஆசானின் முற்றத்தில் பயிற்சி. மூன்றே மூன்று காட்டாக்களைப் பழகத் தனக்குப் பத்து வருடம் எடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். செய்ததையே செய்யச் சொல்லிக்கொண்டிருப்பாராம் ஆசான். 1922இல் அவர் தோக்கியோவுக்குப் போய்க் கராத்தேயைச் செய்து காட்டினார். இன்று உலகம் முழுக்க ஷோட்டோகான் பரவியது அந்தப் பயணத்தால்தான். பத்து வருடத்தில் மூன்று காட்டா பழகிய அந்த ஆசிரியரின் வழியில் வந்த பட்டியைத்தான் நாம் ஒரு வருசத்தில் கேட்கிறோம்.

அவர் பழகிய காலத்தில் கராத்தேக்குப் பட்டியே இல்லை. பட்டி ஜூடோவிலிருந்து வந்தது. ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ 1883இல் தன் மாணவர்களுக்குத் ‘தான்’ என்ற தர வரிசையை ஏற்படுத்தினார். 1886 அளவில் தேர்ந்தவர்கள் கறுப்புப் பட்டி கட்டத் தொடங்கினார்கள். இந்தக் கானோ யார் தெரியுமா? தோக்கியோவின் உயர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கு நீண்ட காலம் அதிபராக இருந்தவர். ஃபுனாகோஷி அவருடைய முறையை எடுத்து 1924இல் தன் மாணவர்களுக்கு முதன்முதலாகக் கறுப்புப் பட்டி கொடுத்தார். மஞ்சள், செம்மஞ்சள், பச்சை என்ற இடைநிறங்கள் அதற்கும் பிறகு ஐரோப்பாவில் ஜூடோ பழகியவர்களிடையே பரவியவை. வெள்ளைப் பட்டியைத் துவைக்காமல் கட்டிக் கட்டி அழுக்கேறித்தான் கறுப்பானது என்று பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் வரலாறு அப்படியில்லை.

ஆக, பட்டியைக் கொண்டுவந்தவர்கள் ஆசிரியர்கள். எந்தப் பிள்ளைக்கு அடுத்து எந்தப் பாடம் கொடுக்கலாம் என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டும், அதற்குத்தான் நிறம். நாங்கள் கொப்பியில் போடுகிற சரி அடையாளம் மாதிரி. பிள்ளைக்குக் கணக்கு வராமல் சரி மட்டும் போட்டுக் கொடுத்தால் எந்தப் பெற்றோர் சந்தோசப்படுவார்?

இன்னொன்று. கறுப்புக்குக் கீழே உள்ள தரங்களை ‘க்யூ’ என்பார்கள். பெரும்பாலும் பத்திலிருந்தோ ஒன்பதிலிருந்தோ ஒன்றுக்கு இறங்கி வரும். அதன் பிறகு கறுப்பில் ‘தான்’ ஒன்றிலிருந்து மேலே ஏறும். முதல் கறுப்புப் பட்டிக்கு ஜப்பானியப் பெயர் ஷோடான். தொடக்கப் படி என்று பொருள். நாம் முடிவு என்று நினைக்கிற இடத்துக்கு அவர்கள் தொடக்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒழுங்காக நடக்கிற சங்கங்களில் கிழமைக்கு இரண்டு மூன்று நாள் விடாமல் பழகுகிற பிள்ளைக்கு அங்கே போய்ச்சேர நான்கைந்து வருடம் எடுக்கும்.

பட்டியின் அவசரம் ஏன் ஆபத்து என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். தோக்கியோ ஒலிம்பிக்கைப் பலர் பார்த்திருப்பீர்கள். 2021 ஓகஸ்ட் 7, ஆண்களின் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் இறுதிச் சுற்று. சவூதி அரேபியாவின் தாரிக் ஹாமிதி, ஈரானின் சஜ்ஜாத் கன்ஜ்சாதே. ஹாமிதி 4க்கு 1 என்று முன்னிலையில் நின்றார். சவூதிக்கு ஒலிம்பிக் வரலாற்றில் முதல் தங்கம் கைக்கெட்டும் தூரம். அப்போது அவர் வீசிய உதை எதிராளியின் கழுத்துப் பக்கம் கட்டுப்பாடில்லாமல் விழுந்தது. கன்ஜ்சாதே நினைவிழந்து தூக்குப்படுக்கையில் கொண்டுபோகப்பட்டார். நடுவர்கள் ஹாமிதியைத் தகுதி நீக்கினார்கள். தங்கம் நினைவில்லாமல் கிடந்தவருக்கு, வெள்ளி நின்றுகொண்டிருந்தவருக்கு.

அன்று எத்தனையோ பேர் இது என்ன சட்டம் என்று கேட்டார்கள். சட்டம் சரியானதுதான். எவ்வளவு பலமாக அடிக்கிறாய் என்பதோடு, எந்த இடத்தில் நிறுத்துகிறாய் என்பதையும் கராத்தே பார்க்கிறது. ஹெய்யான் காட்டாக்கள் ஐந்துமே தடுப்பில்தான் தொடங்குகின்றன. குத்தில் தொடங்குவதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் யாரைப் பலசாலி என்றார்கள் என்பதும் நம் பிள்ளைகள் மத்ரஸாவில் படித்ததுதான்: ஆளை வீழ்த்துகிறவரை அவர்கள் அப்படிச் சொல்லவில்லை, கோபத்தில் தன்னை அடக்குகிறவரையே சொன்னார்கள். கோபத்தை அடக்குவதற்குப் பயிற்சி எங்கே கிடைக்கும்? கேட்டது கிடைக்காத நாளில்தான் கிடைக்கும். பட்டி கிடைக்காத சனிக்கிழமை அப்படி ஒரு நாள். வட்ஸ்அப் குழுவில் சண்டை பிடித்த பெரியவர்களுக்கும் அது அப்படி ஒரு நாளாக இருந்திருக்கலாம்.

சான்றிதழ் மேல் நமக்கு இருக்கிற பசி எனக்கு விளங்காமலில்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பமும் புத்தளத்துக்குப் போனது. நான் வளர்ந்தது அங்கேதான். 2008இல் இந்தப் பக்கத்துக்குப் போர் வந்தபோது இங்கிருந்த தமிழ் உறவுகள் வீடு, வயல், வள்ளம் எல்லாவற்றையும் விட்டுப் போனார்கள். யாரைக் கேட்டாலும் ஒரு பையைப் பற்றிச் சொல்வார்கள். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பரீட்சைப் பெறுபேறு எல்லாம் பொலித்தீனில் சுற்றி வைத்த பை. அதை மட்டும் விடவில்லை. கடதாசி இல்லாவிட்டால் நாம் யாருமில்லை என்று இரண்டு சமூகமும் பட்டுப் படித்த பாடம் அது. அதனால் பிள்ளையின் பெயரில் இன்னொரு கடதாசி வந்தால் நமக்கு ஒரு பாதுகாப்பு மாதிரி இருக்கிறது.

ஆனால் அதே மக்களிடம் இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். போன இடத்தில் சோறு போட்டது எது? தையல் தெரிந்தவர் தைத்தார். மேசன் வேலை தெரிந்தவர் சுவர் எழுப்பினார். வலை பொத்தத் தெரிந்தவர் வேறு கடற்கரையில் போய் வலை பொத்தினார். கையில் இருந்தது கூடவே போனது. நம் பிள்ளைக்கு உடம்பில் ஏறிய நிலையும் மூச்சும் நிதானமும் அந்த வகை. அது ஏறாமல் பட்டி மட்டும் ஏறினால் அலுமாரிக்குத்தான் அழகு.

பெண்பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒரு சொல். நம் வகுப்பில் வெள்ளை, மஞ்சள் வரிசையில் பாதிப் பேர் பெண்பிள்ளைகள். பச்சைக்கு மேல் அந்த ஒரு தரம் 7 மாணவிதான். வயதுக்கு வந்ததும், இல்லாவிட்டால் தரம் 8, 9 ஆனதும் நிறுத்திவிடுகிறோம். கேட்டால், பெண் மாஸ்டர் இல்லையே சேர் என்கிறார்கள். நியாயமான கேள்வி, நானும் ஒரு மகளுக்கு வாப்பா. ஆனால் யோசித்துப் பாருங்கள். எல்லாப் பெண்பிள்ளைகளையும் பச்சையில் நிறுத்தினால் பெண் மாஸ்டர் எங்கிருந்து வருவார்? கொழும்பிலிருந்து யாரும் வெள்ளாங்குளத்துக்கு வந்து குடியிருக்கப் போவதில்லை. இந்த வரிசையில் நிற்கிற இரண்டு மூன்று பேரைக் கறுப்புவரை விட்டால் பத்து வருடத்தில் நம் ஊருக்கே பெண் மாஸ்டர் இருப்பார். நம் பேத்திகளுக்கு இந்தப் பிரச்சினை இருக்காது. தாய்மார் யாராவது முறைவைத்து வகுப்பில் வந்து இருக்கட்டும், நேரத்தையும் இருட்டுமுன் முடிகிற மாதிரி வைக்கலாம். உடை பற்றித் தயங்குகிறவர்களுக்கு: தலையை மூடி விளையாட உலகக் கராத்தே சம்மேளனம் பத்து வருடத்துக்கு மேலாக அனுமதிக்கிறது. அதே தோக்கியோவில் எகிப்தின் ஃபெரியால் அப்துல் அஸீஸ் தங்கம் வென்றார். அந்த நாட்டுப் பெண் ஒருவர் வென்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது, அதுவும் கராத்தேயில்.

மாஸ்டர் பக்கமும் சொல்ல வேண்டியது உண்டு. அவரிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பெற்றோரின் காசுக் கஷ்டம் உண்மையானது. தொழில் இல்லாத மாதத்தில் பரீட்சைக் கட்டணம் பெரிய காசு. பட்டி கிடைக்காத பிள்ளை மூன்று மாதத்தில் திரும்ப நிற்கும்போது இரண்டாம் தடவை கட்டணம் எடுக்கக்கூடாது. அப்படி இருந்தால்தான் ‘திரும்ப வா’ என்பதைப் பெற்றோர் நம்புவார்கள். அடுத்து, காரணத்தைச் சின்னத் துண்டில் எழுதிப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும்: “பின்குதி எழும்புகிறது. இழுகை பிந்துகிறது.” இரண்டு வரி போதும். பரிசோதகர் சொன்னது பிள்ளைக்கு விளங்கியது, வீட்டுக்கு வந்து சேரவில்லை. சண்டையில் பாதி அதனால் வந்தது.

பெற்றோரும் எந்த மாஸ்டரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. வகுப்பு எந்தச் சங்கத்தில் பதிவு? சான்றிதழில் கையெழுத்து வைப்பது யார்? பரீட்சை எடுப்பது படிப்பிக்கிற அதே மாஸ்டரா, வெளியிலிருந்து வருகிற பரிசோதகரா? இரண்டு பட்டிகளுக்கு இடையில் குறைந்தது எவ்வளவு காலம்? குமித்தேக்குக் கையுறையும் பல் காப்பும் இருக்கிறதா? தலையில் அடி பட்டால் என்ன செய்வார்கள்? கடைசியாக ஒன்று: போன பரீட்சையில் எத்தனை பேருக்குப் பட்டி கிடைக்கவில்லை? ‘ஒருவரும் இல்லை, எப்போதும் எல்லோருக்கும் கிடைக்கும்’ என்று பதில் வந்தால் அந்த இடத்தில் யோசியுங்கள். ஒரு வருசத்தில் கறுப்பு தருகிறவரிடம் முதலில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

நம்மைப் போன்ற பெரியவர்களுக்கும் ஒன்று. வகுப்பு வாசலில் மோட்டார் சைக்கிளில் இருந்தபடி ஃபோன் பார்க்கிற வாப்பாமாரே, அப்பாமாரே, உள்ளே வந்து வெள்ளைப் பட்டி கட்டுங்கள். வயது போய்விட்டது என்று சொல்லாதீர்கள். தோக்கியோவில் பெண்களின் காட்டாவில் தங்கம் வென்ற ஸ்பெயின்காரர் சாண்ட்ரா சான்செஸுக்கு அப்போது 39 வயது. நமக்குத் தங்கம் வேண்டாம், சீனியும் பிரஷரும் குறைந்தால் போதும். ஆனால் அதைவிடப் பெரிய பலன் ஒன்று இருக்கிறது. இடது கால் எது வலது கால் எது என்று தடுமாறுகிற வாப்பாவை ஒரு தடவை பார்த்த பிள்ளை, தான் தடுமாறுவதற்கு வெட்கப்படாது. எனக்கு முன்னால் நிற்கிற அந்தத் தரம் 7 மாணவி இப்போது கணித பாடத்தில் “சேர், விளங்கேல்ல, திரும்பச் சொல்லுங்கோ” என்று கை உயர்த்துகிறாள். முன்பு உயர்த்தமாட்டாள்.

வீட்டில் நாம் கேட்கிற கேள்வியை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைக்கிறேன். ‘பட்டி கிடைச்சதா?’ என்பதற்குப் பதிலாக ‘இண்டைக்கு எது சரியா வந்தது, எது இன்னும் வரேல்ல? ஒருக்காச் செய்து காட்டு’ என்று கேளுங்கள். செய்து காட்டும்போது பின்குதியைப் பாருங்கள். எழும்பினால் சொல்லுங்கள். அதற்குக் கராத்தே தெரிந்திருக்கத் தேவையில்லை.

அடுத்த தரப்படுத்தலுக்கு இன்னும் பத்துக் கிழமை இருக்கிறது. அந்த 7 பேரில் 3 பேர் போன சனிக்கிழமை வந்தார்கள். மாஸ்டர் அவர்களை முன்வரிசைக்குக் கூப்பிட்டு, குதியை மட்டும் அரை மணித்தியாலம் பழக்கினார். மற்ற 4 பேரின் பெற்றோருக்குத்தான் முக்கியமாக இந்தப் பதிவு. கோபத்தை என்னோடு வையுங்கள், கருத்துப்பகுதியில் திட்டுங்கள், பரவாயில்லை. பிள்ளையை மட்டும் வீட்டில் மறிக்க வேண்டாம். சனிக்கிழமை நாலரைக்கு வகுப்பு. பஸ் இல்லாத பக்கம் என்றால் சொல்லுங்கள், தேவன்பிட்டிப் பக்கம் வருகிற ஓட்டோவில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.